துரத்துவது எதற்காக? கோ விளையாட்டு குறித்து வாசகர் கேள்விகள்

கோ விளையாட்டின் அடிப்படைகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதற்கு எதிர்பார்த்ததைவிட அதிகக் கடிதங்கள் வந்துள்ளன. அக்கட்டுரையைப் படிக்காதவர்களுக்காக அதன் சாரம் இது: நெடுக்கில் 19, குறுக்கில் 19 எனக் கோடுகள் வெட்டிக்கொள்ளும் 361 புள்ளிகளில் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிக் கல் வைக்க வேண்டும்; வைத்த கல் நகராது; ஒரு கல்லையோ, ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் கற்கூட்டத்தையோ தொட்டுக்கொண்டிருக்கும் காலிப் புள்ளிகளை 'மூச்சு' என்கிறோம், அந்த மூச்சு முழுவதையும் எதிரி அடைத்துவிட்டால் அக்கூட்டம் பலகையை விட்டு எடுக்கப்படும்; தன் கற்களே முழுதும் சூழ்ந்த காலி இடத்தைக் 'கண்' என்கிறோம், தனக்குள் இரண்டு தனித்தனிக் கண் வைத்திருக்கும் கூட்டத்தை எவராலும் எடுக்க முடியாது; முடிவில் அதிக நிலத்தை வளைத்தவர் வெல்வார். வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை தொடக்க ஆட்டத்தைப் பற்றியும், எதிரியின் பலவீனமான கூட்டத்தைத் துரத்துவதைப் பற்றியும் கேட்கின்றன. இவ்விரண்டையும் பிரித்துப் பேச முடியாது என்பது என் கருத்து. ஆகவே இம்முறை அவற்றையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சதுரங்கத்தில் நடுவைப் பிடி என்று சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே மூலையில் தொடங்கு என்கிறீர்கள். நடுவே அவ்வளவு இடம் சும்மா கிடக்கும்போது மூலையில் போய் ஒதுங்குவது ஏன்?
– கல்லூரி மாணவர், கோபிசெட்டிபாளையம்

பதில்: காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளைப் பார்த்திருப்பீர்கள். மாடு மேய்வதற்கென்றே விட்டிருக்கும் அந்த நிலங்களைச் சுற்றிக் கிளுவை நட்டு உயிர்வேலி வளர்த்திருப்பார்கள். புதிதாக ஒரு காட்டுக்கு வேலி போட நினைப்பவர், பக்கத்துக் காட்டுக்காரர் போட்ட வேலி எந்தெந்தப் பக்கம் நிற்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார். இரண்டு பக்கம் வேலி நிற்கும் மூலை நிலத்துக்குப் பாதிச் செலவு மிச்சம். கோ பலகையின் விளிம்பும் யாரோ போட்டுவைத்த வேலிதான். மூன்றுக்கு மூன்றாக ஒன்பது புள்ளிகள் கொண்ட ஒரு சதுரத்தை மூலையில் வளைக்க 6 கற்கள் போதும்; ஓரத்தில் 9 கற்கள் வேண்டும்; நடுவில் 12 வேண்டும். பலகையில் கோடு கிழித்து நீங்களே எண்ணிப் பார்க்கலாம். முதலில் மூலை, பிறகு ஓரம், கடைசியில் நடு என்று காலங்காலமாகச் சொல்லப்படும் வரிசைக்கு இந்தக் கணக்கே காரணம்.

ஆனால் வேலிக் கணக்கோடு நிறுத்திக்கொண்டால் தொடக்க ஆட்டத்தில் பாதிதான் புரியும். கண்களை அமைப்பதற்கும் மூலையே எளிது. ஆகவே மூலையில் கால் ஊன்றிய கூட்டம் பலமாகவும், கால் ஊன்ற இடம் கிடைக்காமல் நடுவில் அலையும் கூட்டம் பலவீனமாகவும் அமைகிறது. முதல் முப்பது நாற்பது கற்களில் நாம் தீர்மானிப்பது எவருக்கு எவ்வளவு நிலம் என்பதை அல்ல. பின்னால் எவருடைய கூட்டம் ஓட வேண்டியிருக்கும், எவர் துரத்துவார் என்பதைத்தான்.

ஓரத்திலிருந்து எத்தனையாம் கோட்டில் வைப்பது என்று வேறு இருவரும் கேட்டுள்ளனர். மூன்றாம் கோடு நிலத்துக்கு, நான்காம் கோடு செல்வாக்குக்கு, அதாவது நடுவை நோக்கிப் பலம் சேர்ப்பதற்கு, என்பது மரபு. ஏன் இரண்டாம் கோடு அல்ல, ஐந்தாம் கோடு அல்ல என்பதற்கு அழகான ஒரு கணக்கு உண்டு. பலகையைச் சுற்றிலும் மூன்றாம் கோடு முழுவதையும் ஒருவர் பிடித்தால் அவருக்கு 56 கற்கள் செலவாகும், வெளிப்புறம் 136 புள்ளிகள் கிடைக்கும். நான்காம் கோடு முழுவதையும் மற்றவர் பிடித்தால் அவருக்கு 48 கற்கள் செலவாகும், உட்புறம் 121 புள்ளிகள் கிடைக்கும். ஒரு கல்லுக்கு இத்தனை புள்ளி என்று வகுத்துப் பார்த்தால் இருவரும் ஏறத்தாழ இரண்டரையில் வந்து நிற்கிறார்கள். உண்மையான ஆட்டம் ஒருநாளும் இப்படி நடக்காது. இருந்தாலும் இவ்விரண்டு கோடுகளுக்கு இடையே இருக்கும் சமநிலையை இதைவிடத் தெளிவாக நான் கண்டதில்லை.

மூலையில் வைத்த பின் ஓரத்தில் எவ்வளவு தூரம் தாண்டலாம் என்பதும் மனத்தில் இருக்க வேண்டும். மூன்றாம் கோட்டில் தனியாக நிற்கும் கல்லிலிருந்து ஓரமாக இரண்டு புள்ளி இடைவெளி விட்டு வைத்தால், அந்த இரு கற்களையும் எதிரியால் எளிதில் பிரிக்க முடியாது. இரண்டு கற்கள் ஓரத்துக்குச் செங்குத்தாக நின்றால் மூன்று புள்ளி விடலாம். இந்த மூன்று புள்ளி அடுத்த பதிலில் மீண்டும் வரும்.

மரபை மீறி நடுவில் வைத்தவர்களும் உண்டு. சீனாவில் பிறந்து ஜப்பானில் ஆடிய கோ செய்கென், ஜப்பானியரான கிடானி மினோரு என்னும் இரு இளைஞர்களும் 1933இல் தொடக்க ஆட்டத்தையே புரட்டிப் போட்டார்கள். அதே ஆண்டு, ஹோனின்போ ஷூசாய் என்ற முதுபெரும் ஆட்டக்காரருக்கு எதிராக, கோ செய்கென் தம் முதல் மூன்று கற்களை ஒரு மூலையின் மூன்று-மூன்று புள்ளியிலும் (இரு ஓரங்களிலிருந்தும் மூன்றாம் கோடுகள் சந்திக்கும் இடம்), எதிர்மூலையின் நான்கு-நான்கு புள்ளியிலும், பலகையின் நட்டநடுவிலும் வைத்தார். 2 புள்ளியில் தோற்றார் என்றாலும் இன்றும் பேசப்படுவது அந்த மூன்று கற்கள்தாம். நீங்கள் முதல் நூறு ஆட்டத்துக்கு மூலையிலேயே தொடங்குங்கள்.

கேள்வி: நான் கறுப்பு. வலது ஓரத்தின் மூன்று நட்சத்திரப் புள்ளிகளிலும் (நான்காம் கோட்டில் பொட்டு வைத்துக் காட்டியிருக்கும் இடங்கள்) கல் வைத்து நேர்வரிசையாக நிறுத்தியிருந்தேன். கீழ்மூலைக் கல்லுக்கும் நடுக்கல்லுக்கும் இடையே, வலது ஓரத்திலிருந்து மூன்றாம் கோடும் கீழிருந்து ஆறாம் கோடும் சந்திக்கும் புள்ளியில் வெள்ளை நுழைந்தது. தனியாக வந்த கல்தானே என்று உடனே அதன் தலைமேல் ஒட்டி வைத்தேன். அது என் கல்லைச் சுற்றி வளைந்தது, நான் அதன் இணைப்பை வெட்டினேன். பதினைந்து கல்லுக்குப் பிறகு அது ஓரத்தில் இரண்டு கண்ணோடு உட்கார்ந்துவிட்டது, என் நடுக்கல் அனாதையாகிவிட்டது. எதிரே ஆடிய மாமா, "என்னுங்க மாப்ளை, வழி தவறி வந்தவனுக்கு எலை போட்டுச் சோறும் வெச்சுட்டீங்களே" என்று சிரித்தார். என் தவறு எங்கே? கொல்ல முடியாது என்றால் துரத்துவதில் என்ன பயன்?
– துணிக்கடைக்காரர், காங்கேயம்

பதில்: தங்கள் மாமா சொன்னதற்கு மேல் நான் சொல்ல அதிகமில்லை என்றாலும், இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அப்புச்சியின் கொறங்காட்டிலிருந்து ஓர் இளங்காளை, கிளுவை வேலியில் விழுந்திருந்த சந்து வழியாகப் பக்கத்துச் சோளக்காட்டுக்குள் புகுந்துவிட்டது. நான் குச்சியை எடுத்துக்கொண்டு அதன் வாலுக்குப் பின்னால் ஓடினேன். அது மேலும் உள்ளே ஓடியது. மிதிபட்ட சோளத்தட்டுக்கு அன்று மாலை நான் வாங்கிய வசவு தனிக்கதை. அப்புச்சி ஓடவில்லை. சோளக்காட்டின் உட்பக்கமாகச் சுற்றிக்கொண்டு நடந்து, காளைக்குப் பத்தடி தள்ளிப் பக்கவாட்டில் நின்று ஒரு கையை மட்டும் நீட்டினார். காளை தலையைத் திருப்பிற்று. அவர் இரண்டடி நகர்ந்தார். அது நான்கடி நகர்ந்தது. அப்படியே கொறங்காட்டுக்குள் திரும்பியது. பின்னாலேயே வந்தவர், வழியில் ஒடித்துக்கொண்டு வந்த முள்ளை அந்தச் சந்தில் வைத்து அடைத்துவிட்டார். காளையை அவர் தொடவே இல்லை. காளை திரும்பி வந்தது, வேலியும் சீராயிற்று.

கோ விளையாட்டில் துரத்துவது ஏறக்குறைய இதுதான். பலவீனமான கூட்டம் ஓடும்போது ஒவ்வொரு கல்லையும் உயிர்பிழைக்கவே செலவிடுகிறது. நாம் அதே நேரத்தில் வைக்கும் ஒவ்வொரு கல்லும் அதை விரட்டுவதோடு நிலத்தையும் வளைக்கிறது. பத்துக் கல்லுக்குப் பிறகு அது உயிரோடு நடுவைச் சேர்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கிடைத்தது உயிர், நமக்குக் கிடைத்தது ஓர் ஓரம் முழுவதும். எதிரி பதில் சொல்ல மறந்தால் அப்போது எடுத்துக்கொள்ளலாம். அதை எதிர்பார்த்து ஆடினால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும்.

இனி முதல் கேள்வி. தனியாக நிற்கும் பலவீனமான கல்லின் மேல் ஒட்டி வைப்பது, வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது போன்றது. ஒட்டி வைத்தவுடன் உங்கள் கல்லுக்கும் ஒரு மூச்சு குறைகிறது, எதிரி வளைகிறார், உங்கள் கல்லைக் காக்க நீங்கள் இன்னொன்று வைக்கிறீர்கள், அவரும் வைக்கிறார். இரண்டு பக்கமும் பலமாகிறது. ஏற்கெனவே பலமாக இருந்த உங்களுக்கு அங்கே மேலும் பலம் தேவையில்லை. அவருக்கோ அதுதான் தேவை. ஆகவே ஒட்டி வைப்பது நாம் பலவீனமாக இருக்கும் இடத்தில், விரைவாக உறுதிப்பட வேண்டிய நேரத்தில் செய்யும் வேலை. துரத்தும்போது விலகி நிற்பதே நல்லது. குதிரை நடையில் வைத்துத் துரத்து, ஒரு புள்ளி விட்டுத் தாவித் தப்பு என்பது இவ்விளையாட்டில் வழங்கும் பழமொழி.

விதியைச் சொன்ன கையோடு அதற்கு விலக்கையும் சொல்லிவிட வேண்டியிருக்கிறது, ஏனெனில் தங்கள் ஆட்டத்தில் சரியான ஆட்டம் ஒட்டி வைப்பதுதான். ஆனால் தலைமேல் அல்ல. கீழ்மூலைக் கல்லிலிருந்து மூலைவிட்டமாக, வலது ஓரத்திலிருந்து மூன்றாம் கோடும் கீழிருந்து ஐந்தாம் கோடும் சந்திக்கும் புள்ளியில் வைத்துப் பாருங்கள். வெள்ளைக் கல்லைக் கீழ்ப்பக்கத்திலிருந்து தொடுகிறீர்கள். மூலை அதற்கு அடைபட்டுவிட்டது. வெள்ளை மறுமொழியாக, நடுவை நோக்கி ஒரு புள்ளி எழுந்து நான்காம் கோட்டில் நிற்கும். இரண்டு கற்கள் இப்படி நின்றால் ஓரத்தில் மூன்று புள்ளி விட்டுத் தாண்டலாம் என்று முன்பு சொன்னேன் அல்லவா? எண்ணிப் பாருங்கள்: அந்த மூன்றைத் தாண்டி வெள்ளை கால் ஊன்ற வேண்டிய இடத்தின் தலைமேல் தங்கள் நடுக்கல் ஏற்கெனவே நிற்கிறது. தனிக்கல்லாக இருந்தபோது 'போனால் போகட்டும்' என்று வெள்ளை அதைக் கைவிட்டிருக்க முடியும். இரண்டு கல்லாகிவிட்ட பிறகு கைவிட மனம் வராது, உட்காரவும் இடம் இல்லை. இவ்விளையாட்டில் இதைக் கனத்த கூட்டம் என்பார்கள். தங்கள் நடுக்கல் மட்டும் அங்கே இல்லையென்றால், இதே ஆட்டம் எதிரிக்கு வசதியாக மூன்று புள்ளித் தாண்டலைத் தூக்கிக் கொடுத்ததாகியிருக்கும். தொடக்கத்தில் வைத்த கல்லின் பயன் இத்தனை கல்லுக்குப் பிறகு வெளிப்படுகிறது.

அடுத்து வெள்ளை நடுவை நோக்கி ஒரு புள்ளி விட்டுத் தாவும். தாங்களும் மூலைக் கல்லிலிருந்து அதற்கு இணையாகக் கீழோரத்தில் ஒரு புள்ளி விட்டுத் தாவுங்கள். அது மீண்டும் தாவும், தாங்களும் தாவுங்கள். துரத்துகிறோம் என்ற ஆவேசமே இதில் தெரியாது. இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்து வரப்பில் நடந்துபோவது போலத்தான் இருக்கும். ஆனால் ஒருவர் வரப்பில் நிலம் இருக்கிறது, மற்றவர் வரப்பில் இல்லை. கீழோரத்தில் ஏற்கெனவே எதிரி பலமாக இருந்தால் அந்தப் பக்கம் நடப்பது வீண். அப்போது கூட்டத்தைக் கீழ்ப்பக்கம் தள்ளிவிட்டு வலது ஓரத்தைத் தாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். எந்தப் பக்கம் நமக்கு நிலம் வேண்டுமோ அந்தப் பக்கம் நாம் நிற்க வேண்டும். கூட்டம் எதிர்ப்பக்கம் ஓட வேண்டும். அப்படி ஓடும் வழியில் நம் கற்கள் வரிசையாக நிற்கும் பலமான சுவர் ஒன்று குறுக்கே இருந்தால் இன்னும் நல்லது.

இதைவிட மேலான நிலை, எதிரிக்கு இரண்டு பலவீனமான கூட்டங்கள் இருப்பது. இரண்டுக்கும் நடுவே நாம் நடந்தால், அவர் ஒன்றைக் காக்கும்போது மற்றது தவிக்கும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்ற சொல்லை இந்த விளையாட்டுக்காரர்கள்தாம் உண்டாக்கினார்களோ என்று எனக்குச் சந்தேகம். ஆகவே எதிரியின் ஒரே பலவீனமான கூட்டத்தை அவசரப்பட்டு விரட்டி வாழவைத்துவிடாமல், சற்றுப் பொறுத்திருந்து, இரண்டாவது ஒன்று உண்டாகிறதா என்று பார்ப்பதும் துரத்தலின் ஒரு பகுதியே. பொறுத்திருக்கத் தெரியாமல் நான் இழந்த ஆட்டங்களுக்குக் கணக்கில்லை. ஒருமுறை பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு கூட்டத்தைத் துரத்தி, கடைசியில் அது என் சொந்த நிலத்துக்குள்ளேயே புகுந்து இரண்டு கண் போட்டது. துரத்திய வழியில் நான் வைத்த கற்களை எண்ணிப் பார்த்தேன். அவற்றில் நிலம் வளைத்த கல் ஒன்றுகூட இல்லை.

கேள்வி: கணினியோடு ஆடுகிறேன். நான் நட்சத்திரப் புள்ளியில் வைத்ததும், ஆட்டம் சூடு பிடிக்கும் முன்பே அது மூன்று-மூன்றில் நுழைந்து மூலையைப் பறித்துக்கொள்கிறது. இவ்வளவு சீக்கிரம் நுழைவது தவறு என்று பழைய புத்தகங்கள் சொல்கின்றனவே?
– மென்பொருள் பொறியாளர், கோயம்புத்தூர்

பதில்: பழைய புத்தகங்கள் சொன்ன காரணம் இது: மூலைக்குள் நுழைபவருக்குப் பத்துப் புள்ளி அளவில் சிறு நிலம் கிடைக்கும், வெளியே இருப்பவருக்கோ பெரிய சுவர் கிடைக்கும், தொடக்கத்திலேயே எதிரிக்குச் சுவர் கட்டிக் கொடுப்பது நட்டம். 2016 மார்ச்சில் சியோல் நகரில் கொரியாவின் முன்னணி ஆட்டக்காரர் லீ செடோலை ஆல்ஃபாகோ என்னும் கணினி நிரல் 4–1 என்று வென்றபோது, இரண்டாம் ஆட்டத்தின் 37ஆவது கல்லாக ஐந்தாம் கோட்டில் எதிரிக்கல்லின் தோளில், அதாவது அதற்கு மூலைவிட்டமாக மேலே, அது வைத்த கல் உலகையே திகைக்கச் செய்தது. அந்த ஆண்டின் இறுதியிலும் 2017 ஜனவரியிலும் 'மாஸ்டர்' என்ற பெயரில் இணையத்தில் தலைசிறந்த ஆட்டக்காரர்களை அது 60 ஆட்டங்களில் வென்றது. தொடக்கத்திலேயே மூன்று-மூன்றில் நுழைவது பரவலானது அதன் பிறகுதான்.

என் எளிய விளக்கம் இது. சுவர் தானாக ஒரு புள்ளியும் தராது. யாரையாவது அதை நோக்கி விரட்டினால்தான் அது சுவர். இல்லையென்றால் வெட்ட வெளியில் கட்டி நிறுத்திய மதில். பலகை காலியாக இருக்கும்போது விரட்ட எவரும் இல்லை, நுழைந்தவர் கையில் மூலை இருக்கிறது, பல வேளைகளில் அடுத்த கல்லை வேறெங்காவது வைக்கும் உரிமையும் அவருக்கே கிடைக்கிறது. ஆகவே கணினி நுழைந்தால் பதற வேண்டாம். எந்தப் பக்கத்திலிருந்து தடுப்பது என்பதை மட்டும் கவனியுங்கள். உங்கள் ஓரக்கல் எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கத்தைப் பார்த்துச் சுவர் எழும்படி தடுத்தால், பின்னால் அங்கே நுழையும் எதிரிக்கு உட்கார இடம் இருக்காது. ஓரத்தின் மூன்று நட்சத்திரப் புள்ளிகளையும் பிடித்து நடுவைப் பெரிதாக வளைக்கும் பாணிக்குப் புகழ்பெற்ற டாகெமியா மசாகியின் ஆட்டங்களைப் பார்த்தால், சுவரை அவர் நிலமாக மாற்றுவது எதிரி உள்ளே வந்த பிறகுதான் என்பது விளங்கும். உள்ளே வந்தவரை விரட்டும் போக்கில்தான் அவருடைய நடு நிலமாக உறைகிறது.

2019இல் வெளியான கட்டாகோ என்ற இலவச நிரலைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் ஒரு சோதனை செய்யலாம். எத்தனை புள்ளி முன்னிலை என்பதை அது ஒவ்வொரு கல்லுக்கும் மதிப்பிட்டுக் காட்டும். ஒரு கூட்டத்தைத் துரத்தத் தொடங்கிய கல்லிலும், அது உயிர்பிழைத்த கல்லிலும் அந்த எண்ணைக் குறித்து வைத்து ஒப்பிடுங்கள். கூட்டம் தப்பித்த ஆட்டத்திலும் உங்கள் முன்னிலை ஏறியிருந்தால் நன்றாகத் துரத்தியிருக்கிறீர்கள் என்று பொருள்.

கேள்வி: இரண்டாவதாக ஆடும் வெள்ளைக்கு ஆறரைப் புள்ளி சும்மா தருகிறார்களாமே? அரைப் புள்ளி எங்கிருந்து வந்தது?
– பள்ளி மாணவி, ஈரோடு

பதில்: முதல் கல் வைப்பவருக்கு இருக்கும் வசதியை ஈடுசெய்யவே அது. ஜப்பானிலும் கொரியாவிலும் 6.5, சீனாவில் 7.5. ஜப்பானில் முன்பு 5.5ஆக இருந்தது, கறுப்பே அதிகம் வென்றுகொண்டிருந்ததால் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் உயர்த்தினார்கள். அரைப் புள்ளி, ஆட்டம் சமனில் முடியாமல் இருப்பதற்காக.

கேள்வி: கோ பலகையும் கல்லும் வாங்கும் விலை எனக்குக் கட்டாது. எங்கள் பனியன் கம்பெனியில் மிஞ்சும் பட்டன்களை வைத்து ஆடலாமா?
– கட்டிங் மாஸ்டர், திருப்பூர்

பதில்: தாராளமாக ஆடலாம். முறையான கற்கள் 181 கறுப்பு, 180 வெள்ளை என்ற கணக்கில் இருக்கும். ஆனால் பெரும்பாலான ஆட்டங்களுக்குக் கறுப்பில் ஒரு குரோஸ், வெள்ளையில் ஒரு குரோஸ், அதாவது ஒவ்வொன்றிலும் 144 பட்டன் போதும். 24 லைன் பட்டன் ஏறத்தாழ 15 மில்லிமீட்டர் வரும். 16 மில்லிமீட்டர் இடைவெளியில் பத்தொன்பது கோடு கிழித்தால் முதல் கோட்டுக்கும் கடைசிக் கோட்டுக்கும் இடையே 29 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்; பேட்டர்ன் வெட்டும் அட்டையில் கால் மணி நேர வேலை. ஜப்பானியப் பலகையில் இடைவெளி குறுக்கே 22, நெடுக்கே 23.7 மில்லிமீட்டர் என்று சற்று வேறுபடும். எதிரே உட்கார்ந்து சாய்வாகப் பார்க்கும் கண்ணுக்குச் சதுரமாகத் தெரிவதற்காக அப்படிச் செய்கிறார்கள். உங்கள் பட்டன் பலகைக்கு அந்த நுணுக்கம் தேவையில்லை. ஒரே ஒரு யோசனை: சட்டைக்குத் தைக்கும் மெல்லிய பட்டனைவிடச் சற்றுக் கனமானதைத் தேர்ந்தெடுங்கள். மின்விசிறிக் காற்றில் நகர்ந்துவிட்டால் வைத்த கல் நகராது என்ற விதியைக் காப்பாற்றுவது கடினம்.

கேள்வி: எந்தக் கூட்டம் பலவீனமானது என்றே எனக்குத் தெரிவதில்லை. என்னுடையது என்று நினைத்துக் காப்பாற்றப் போனால் அது ஏற்கெனவே உயிரோடு இருக்கிறது. எதிரியுடையதைத் துரத்தப் போனால் பின்னால் என்னுடையது செத்துப்போகிறது.
– ஆசிரியை, பெருந்துறை

பதில்: பள்ளியில் மாணவர்களைப் பார்ப்பது போல மூன்று விதமாகப் பாருங்கள். ஓரத்தில் கண் போட இடம் இருக்கிறதா, நடுவை நோக்கி வழி திறந்திருக்கிறதா, பக்கத்தில் கைகொடுக்கும் கூட்டாளி உண்டா? மூன்றில் இரண்டு இருந்தால் கவலை வேண்டாம். ஒன்று மட்டும் இருந்தால் கவனம் வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் அந்தக் கூட்டத்துக்கு உடனே கல் வைக்க வேண்டும், அல்லது அதை மறந்துவிட வேண்டும். இன்னொரு சோதனையும் உண்டு: நான் இங்கே பதில் சொல்லாமல் வேறிடத்தில் வைத்தால் அடுத்த கல்லில் என்ன ஆகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 'ஒன்றும் ஆகாது' என்றால் காப்பாற்றுவது ஒரு கல்லை வீணாக்குவது. தங்கள் முதல் சிக்கல் இதோடு தீர வேண்டும்.

இரண்டாவது சிக்கல் பழமையானது. எதிரியைத் தாக்கும்போது தன்னைத் திரும்பிப் பார் என்பது சீனத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் அறிவுரை. துரத்துபவரின் கூட்டமும் பலவீனமாக இருந்தால் துரத்தல் பாதி வழியில் திரும்பிவிடும். ஓடியவர் நின்று திரும்பி ஒரு கல் வைப்பார், அத்தோடு யார் துரத்துகிறார்கள் என்பதே மாறிவிடும். ஆகவே தாக்கத் தொடங்கும் முன், அந்தச் சண்டை நடக்கப்போகும் பக்கத்தில் இருக்கும் நம் கூட்டத்தை ஒரே கல்லில் உறுதிப்படுத்த முடிந்தால் அதை முதலில் செய்வது நல்லது. அந்தக் கல் கோழைத்தனம் போலத் தோன்றும். தோன்றட்டும். பெரிய இடத்துக்கு முன் அவசரமான இடம் என்று தொடக்க ஆட்டத்துக்குச் சொல்லப்படும் விதியும் இதையே குறிக்கிறது: ஓரத்தில் எவ்வளவு பெரிய வெற்றிடம் காத்திருந்தாலும், ஒரு கூட்டத்தின் உயிர் ஊசலாடும் இடத்தில்தான் அடுத்த கல்.

துரத்த எதைத் தேர்ந்தெடுப்பது என்பதிலும் பலர் இடறுகிறார்கள். எதிரி மகிழ்ச்சியோடு விட்டுக்கொடுக்கும் ஒற்றைக் கல்லைத் துரத்திப் பிடித்து என்ன பயன்? அவர் அதற்குள் இரண்டு பெரிய இடங்களில் வைத்துவிடுவார். நம் இரண்டு கூட்டங்களை வெட்டிக்கொண்டு நிற்கும் கற்கள், அல்லது நான்கைந்து கல்லாக வளர்ந்து கைவிட முடியாமல் கனத்துப்போன கூட்டம், இவையே துரத்தத் தக்கவை.

கேள்வி: இதெல்லாம் நாங்கள் சிறுவயதில் கோயில் திண்ணையில் கரிக்கோடு கிழித்து ஆடிய ஆடு புலி ஆட்டம்தானே? பேரனுக்கு அப்படியே சொல்லிக்கொடுக்கலாமா?
– இல்லத்தரசி, பொள்ளாச்சி

பதில்: பாதி அதுதான், அம்மா. 23 புள்ளிகளில் 3 புலிகளை 15 ஆடுகள் கட்டுவதும் சூழ்ந்து அடைக்கும் ஆட்டமே. தனியாகப் போய்ப் புலியை ஒட்டி நிற்கும் ஆட்டைப் புலி தாவிக் குதித்து வெட்டிவிடும் என்பதால், ஆட்டின் பின்புறப் புள்ளி காலியாக இல்லாமல் பார்த்துக்கொள்ளக் கற்றிருப்பீர்கள். அந்தப் பொறுமையைப் பேரனுக்கு அப்படியே கொடுக்கலாம். ஆடுகளை எல்லாம் இறக்கி முடிக்கும் வரை ஓர் ஆட்டையும் நகர்த்தக் கூடாது என்பதால், எங்கே வைப்பது என்ற யோசனையும் தங்களுக்குப் பழகியதே.

மாறுவது முடிவில்தான். ஆடு புலியில் மூன்று புலியும் அசைய முடியாமல் கட்டப்பட்டால்தான் ஆடுகளுக்கு வெற்றி. ஒரு புலிக்கு வழி இருந்தாலும் வேலை முடியவில்லை. அதில் பழகிய கை, கோ விளையாட்டிலும் எதிரியை அசையவிடாமல் கட்டத் துடிக்கும். காங்கேயத்து வாசகரின் கை தலைமேல் போய் ஒட்டியதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். பேரனுக்கு 9 கோட்டுப் பலகையில், 81 புள்ளியில் தொடங்குங்கள். முதலில் தாங்கள் புலியாக இருந்து ஓடுங்கள், பேரன் துரத்தட்டும். ஒவ்வொரு முறையும் தாங்கள் தப்பித்த பிறகு, அவன் பக்கத்தில் எத்தனை புள்ளி வளைந்திருக்கிறது என்று இருவரும் சேர்ந்து எண்ணுங்கள். புளியங்கொட்டையும் அவரைக்கொட்டையும் இதற்குப் போதும்.